கல்வெட்டு திறந்த பிறகு யார் பார்ப்பது?

ஜூலை 1 பிறந்தால் ரோட்டரி சங்கங்களுக்கும் அரிமா (லயன்ஸ்) சங்கங்களுக்கும் புது ஆண்டு. இப்போதே வாட்ஸ்அப்பில் பதவியேற்பு விழா அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிட்டன. புதுத் தலைவர், புதுச் செயலாளர், புதுப் பொருளாளர், கழுத்தில் பதவிக் காலர், மேடையில் பல சங்கங்களுக்குப் பொறுப்பான மாவட்ட ஆளுநர், நலத்திட்ட உதவி வாங்க ஓரமாக வரிசையில் நிற்கும் பயனாளிகள். கொங்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் பல வருடமாக ரோட்டரி உறுப்பினராக இருக்கிறேன். அந்த உரிமையில், இந்த ஆண்டு பொறுப்பேற்கப் போகிற தலைவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். புதுத் திட்டம் எதையும் அறிவிக்கும் முன்னால், உங்கள் சங்கம் இதுவரை ஊருக்குச் செய்து வைத்ததெல்லாம் இன்றைக்கு ஓடுகிறதா என்று ஒரு சுற்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

போனால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். ஊர் எல்லையில் ஓர் அரசுப் பள்ளி. அங்கே ஒரு சங்கம் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வைத்துக் கொடுத்தது. எங்கள் பகுதி போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, அதிகம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. இங்கே பல இடங்களில் ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே தேவையான திட்டம்தான், நல்ல மனதோடு செய்ததுதான். கிரானைட் கல்வெட்டில் தலைவர், செயலாளர், ஆளுநர் பெயரெல்லாம் தங்க எழுத்தில் இருக்கிறது. ஆனால் முன்னால் இருக்கிற சாதாரண ஃபில்டரை மாதாமாதம் பார்த்து மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அதை யார் மாற்றுவது என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஃபில்டர் கறுத்துப் போய் அழுக்கு உள்ளே ஏறினால், இரண்டு மூன்று வருடம் வரவேண்டிய மெம்ப்ரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) சில மாதத்திலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தும் விட்டது. தலைமையாசிரியை பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். அது அந்த வருடச் செயலாளரின் எண். அவரோ தொழில் விஷயமாக வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் போனபோது பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் மேல் வினாத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன.

இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை. பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் மாட்டிக் கொடுப்பார்கள். பிளக் பாயின்ட் இருக்காது, இருந்தால் கம்பி எரிந்து போயிருக்கும். கழிப்பறை கட்டித் தருவார்கள். மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாகிப் பூட்டுத் தொங்கும். எங்கள் சங்கத்துப் பெண் உறுப்பினர் ஒருவர் எந்தத் திட்ட ஆய்வுக்குப் போனாலும் முதலில் குழாயைத் திருகிப் பார்ப்பார். பெயிண்ட், டைல்ஸ் எல்லாம் அவருக்கு அப்புறம்தான். ரோட்டரிக்குள் உலகம் முழுக்கப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க விதி மாறியதே 1989-ல்தான். இவ்வளவு தாமதித்ததில் நாம் இழந்தது கொஞ்சமில்லை என்று அவர் குழாயைத் திருகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கழிப்பறை என்றதும் சொல்லவேண்டிய ஒன்று. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்கிற வக்கீல் மூன்று நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியதுதான் ரோட்டரி. அந்தச் சங்கம் ஊருக்காக முதலில் கையில் எடுத்த வேலை, 1907-ல், பொதுக் கழிப்பறை. நம் இயக்கம் பிறந்த வேலை அது. அதனால்தான் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கழிப்பறைமேல் நம் சக்கரச் சின்னத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. ஒரு வருடம்தான் பதவி. தன் ஆண்டில் பெயர் சொல்லும்படி ஒன்று செய்யவேண்டும் என்று ஒவ்வொரு தலைவருக்கும் ஆசை இருக்கும், அதில் தப்பும் இல்லை. ஆளுநர் வருகைக்குள் திறப்பு விழா நடந்தாக வேண்டும். ஜூன் 30-க்குள் கணக்கு முடித்தாக வேண்டும். மறுநாள் வேறொருவர் நாற்காலியில் உட்காருகிறார். முந்தின வருடத்துக் கல்வெட்டில் அவர் பெயர் இல்லை, அதைப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. விருதுப் படிவத்தில் புதுத் திட்டங்களுக்கு இருக்கும் மதிப்பு பழையதைச் சீர்செய்ததற்கு இல்லை.

பணம் வரும் வழியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. சங்கத்துக்கு நிதி திரட்டுவது எப்படி என்று வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சந்தாப் பணம் சங்கத்தை நடத்தவே சரியாக இருக்கும். திட்டத்துக்கென்று தனியாகத் திரட்ட வேண்டும். விழா மலருக்கு விளம்பரம் கேட்டு ரைஸ் மில், ஜவுளிக்கடை, நகைக்கடை என்று ஏறி இறங்குவோம். இசை நிகழ்ச்சி வைத்து டிக்கெட் விற்போம். உறுப்பினர்கள் ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுக்கும் ஆண்டு நன்கொடையில் ஏறத்தாழப் பாதி, மூன்று வருடம் கழித்து நம் ரோட்டரி மாவட்டத்துத் திட்டங்களுக்கே திரும்பி வரும். அதோடு வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் கைகோத்தால் அறக்கட்டளையிடம் குளோபல் கிராண்ட் என்கிற பெரிய மானியம் கேட்கலாம். அதற்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்கவேண்டும். 2013 கம்பெனிச் சட்டம் வந்த பிறகு பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் கிடைக்கிறது. இத்தனை வழியிலும் வருகிற பணம் புதிதாக ஒன்றை வாங்கவும் கட்டவும்தான் வருகிறது. "மெம்ப்ரேன் மாற்றணும், ஒரு பத்தாயிரம் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கல்வெட்டில் பெயர் போட வழியில்லாத செலவுக்குக் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக்கடைக்காரர் எந்தச் சங்கம் போனாலும் கொடுப்பார். போன தடவை ரசீதை வாங்கிக்கொண்டு, "போன வருசம் கொடுத்தது என்னாச்சுங்க?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நன்கொடை கொடுத்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. கேட்கும் முன்பே பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கும் உண்டு.

ஆண்டுக்கொரு தலைவர் மாறும் அமைப்பில் நீண்ட வேலை நடக்காது என்று சிலர் வாதிடுவார்கள். போலியோவைப் பாருங்கள். 1985-ல் ரோட்டரி அதைக் கையில் எடுத்தது. 1988-ல் உலகத்தில் 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய முப்பது வருடம். இத்தனைக்கும் உலகத் தலைவர் வருடா வருடம் மாறிக்கொண்டேதான் இருந்தார். அரசும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சுமந்த பெரும் பாரத்தில் ஒரு தோள் கொடுத்தோம், இடையில் தோளை எடுக்கவில்லை. சொட்டு மருந்து ஞாயிறு என்றால் பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் பனியனோடு போய் நின்றவர்களில் பலருக்கு அது யாருடைய ஆண்டு என்பதே நினைவில் இருக்காது.

உள்ளூரிலும் அப்படி ஓடுகிற வேலைகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது கண் சிகிச்சை முகாம். 1925-ல் அமெரிக்காவில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதிலிருந்து அரிமா சங்கங்களுக்குக் கண் ஒரு பெரும்பணி. நம் பக்கம் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இப்படிப்பட்ட மருத்துவமனைகளோடு சேர்ந்து சங்கங்கள் நடத்தும் முகாம்களின் அழகே வேலைப் பங்கீடுதான். மருத்துவம் முழுக்க மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, நோட்டீஸ் கொடுப்பது, மேசை நாற்காலி, வருபவர்களுக்குச் சாப்பாடு இவையெல்லாம் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. யார் எதைச் செய்வது என்பதில் குழப்பமே வராது.

ஞாயிறு காலை விடியும்போதே பள்ளி மைதானத்தில் ஆள் வந்துவிடும். பார்வைச் சோதனை, கண் அழுத்தம், சர்க்கரை, பிரஷர், பிறகு டாக்டர். புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அறுவை சிகிச்சை, லென்ஸ், சாப்பாடு, தங்குமிடம், போக வர பஸ் எல்லாம் இலவசம். ஆனால் கடைசி நிமிடத்தில் ஆட்கள் பின்வாங்குவார்கள். பயம் ஒரு காரணம் என்றால் வீட்டு நிலவரம் இன்னொரு காரணம். ஒரு முகாமில் பஸ் படியில் கால் வைத்த பாட்டி அப்படியே இறங்கிவிட்டார். "ஏஞ்சாமி, ரெண்டு ஆடு கட்டிக் கெடக்குது, அதை ஆரு பாப்பாங்க?" எங்கள் உறுப்பினர் ஒருவர், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், "எந்த ஊருன்னு சொல்லுங்காத்தா, நான் தழை போடறன்" என்றார். சும்மா சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டு, பாட்டி கறுப்புக் கண்ணாடியோடு திரும்பும் வரை தினமும் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பாட்டிக்குப் பார்வை கிடைத்ததில் அந்தத் தழைக்கும் பங்கு இருக்கிறது. எந்த அறிக்கையிலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

இன்னொன்று எரிவாயு தகன மேடை. கொங்குப் பகுதியில் பல ஊர்களில் உள்ளாட்சி இடத்தில் இருக்கிற தகன மேடைகளை ரோட்டரி சார்ந்த அறக்கட்டளைகள் நடத்துகின்றன. விறகில் எரித்தால் ஓர் உடலுக்குச் சில நூறு கிலோ விறகு வேண்டும், மழைக்காலத்தில் அந்தக் குடும்பம் படும் பாடு சொல்லி மாளாது. இங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்து, சாம்பல் கையில் வந்துவிடும். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் தகன மேடைகள் இரவும் பகலும் எரிந்தன. சொந்தக்காரர்களே கிட்ட வரத் தயங்கிய நேரத்தில் அங்கே வேலை பார்த்த ஊழியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பர்னர், புளோயர், உள்ளே இருக்கும் சூளைக்கல், புகைபோக்கி எல்லாவற்றையும் தொடர்ந்து பார்த்தால்தான் அது ஓடும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி? தனியாக அறக்கட்டளை பதிவு செய்து, வருடா வருடம் மாறாத அறங்காவலர்களை வைத்து, கட்டணத்திலிருந்தே பராமரிப்புக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். சங்கத் தலைவர் யார் என்பது அடுப்புக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

இதே முறையை ஏன் குடிநீர் இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். மூன்று லட்ச ரூபாய்க்குத் திட்டம் போட்டால் இரண்டு லட்சத்துக்கு வேலை செய்யுங்கள், ஒரு லட்சத்தைப் பராமரிப்புக்கென்று வங்கியில் வைப்பு நிதியாகப் போடுங்கள். ஆறு சதவீதம் என்றாலும் வருடத்துக்கு ஆறாயிரம் வரும், ஃபில்டருக்கும் சில்லறைப் பழுதுக்கும் ஆகும். இயந்திரம் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். கல்வெட்டில் செயலாளரின் சொந்த எண் வேண்டாம். சங்கத்துக்கென்று மாறாத எண் ஒன்று வாங்கிப் போடுங்கள். பழைய திட்டங்களுக்கு ஒரு பொறுப்பாளரை மூன்று வருடத்துக்கு நியமியுங்கள், தலைவர் மாறினாலும் அவர் மாறவேண்டாம். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் உட்காரவைத்து, யார் எதைப் பார்ப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

"புதுசா எதுவும் செய்யலைன்னா மெம்பர்ஸ் வரமாட்டாங்க" என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். ஆர்வம் குறைந்துவிடும் என்ற அவர் கவலை நியாயமானதுதான். கூட்டம், குடும்ப ஃபெல்லோஷிப், பிறந்தநாள் வாழ்த்து, சிறப்புப் பேச்சாளர் இதெல்லாம் தேவையில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வாரா வாரம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் வேண்டும் என்றால் போனை எடுக்கிறார்கள். ஆனால் பழுதான இயந்திரத்தைச் சரிசெய்து அதே பிள்ளைகள் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்க உறுப்பினர்களைக் கூட்டிப்போங்கள், திறப்பு விழாவைவிட அதிகம் பேர் வருவார்கள் என்பது என் நம்பிக்கை. அரசாங்கம் செய்யவேண்டியதை நாம் ஏன் செய்யவேண்டும் என்றும் கேட்கிறார்கள். அரசாங்கம் செய்யவேண்டும், அதற்கு மனுவும் கொடுப்போம். நாமாகப் போய் வைத்துக் கொடுத்த பொருளுக்கு மட்டும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

1932-ல் எழுதப்பட்ட, ரோட்டரியின் நால்வழிச் சோதனையைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்கிறோம். இது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா. ஆண்டறிக்கையில் "குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது" என்று ஒரு வரி எழுதும்போது முதல் கேள்வியை அந்த வரியிடமும் கேட்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் ஜூலை முதல் போர்டு மீட்டிங்கில் மூன்று தீர்மானங்கள் வைக்கப் போகிறேன். ஒன்று, பழைய திட்டங்களின் பட்டியல் தயாரித்து நேரில் ஆய்வு. இரண்டு, புதுத் திட்டம் எதற்கும் மூன்றில் ஒரு பங்கு பராமரிப்பு நிதி. மூன்று, பதவியேற்பு விழாவில் சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கிய தொகை இந்த வருடம் அந்த நிதிக்குப் போகட்டும். வரப்போகிற தலைவரிடம் பேசிவிட்டேன், முதல் இரண்டுக்கும் சரி என்றார், மூன்றாவதுக்கு யோசிக்கிறேன் என்றார். உங்கள் ஊர்ச் சங்கத்தில், ரோட்டரியோ அரிமாவோ ஜேசீஸோ, இப்படி ஏதாவது தீர்மானம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால் அதன் வாசகத்தைக் கமென்டில் போடுங்கள். குறிப்பாக, வைப்பு நிதியை யார் பெயரில் போடுகிறீர்கள், வட்டியை எடுக்க யார் கையெழுத்து என்ற விவரம் எனக்கு உடனே தேவை.