மூன்று மடங்கு என்பது கிலோ கணக்கு
"ஹைட்ரஜனில் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு ஆற்றல், அதே டேங்கில் மூன்று மடங்கு தூரம் போகலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி, ஆனால் அது கிலோ கணக்கு. டேங்குக்குப் பார்க்க வேண்டியது லிட்டர் கணக்கு. 700 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு) திணித்து அடைத்தாலும் ஒரு லிட்டருக்கு சுமார் 40 கிராம்தான் பிடிக்கும். ஆற்றலில் அது ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஹைட்ரஜனில் ஓடும் காரான இப்போதைய டொயோட்டா மிராயைப் பாருங்கள்: கார்பன் நார் சுற்றிய மூன்று உருளைகள், ஒன்று காரின் நடுவே நீளவாக்கில், இரண்டு பின்பக்கம் குறுக்கே. மொத்தம் 140 லிட்டர் இடம், உள்ளே போவது வெறும் 5.6 கிலோ! அதிலேயே 600 கி.மீ.க்கு மேல் ஓடுகிறதே என்றால், அந்தப் பெருமை ஹைட்ரஜனை எரிக்காமலே அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூயல் செல்லுக்கு. பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு அது ஆற்றலை வெப்பமாக வீணாக்குவதில்லை.