யாரோ போட்டுக் கொடுத்த சிரிப்பு

மும்பை மாட்டுங்காவில் எங்கள் ஹால் பத்தடிக்குப் பத்தடி. மச்சினன் டிவி பார்த்தால் நானும் பார்த்தாக வேண்டும். ஒருத்தர் வழுக்கி விழுகிறார், முகம் தெரியாத கூட்டம் 'ஹோ'வென்று சிரிக்கிறது. 1950களிலேயே அமெரிக்க டிவியில் வந்துவிட்ட பழைய சரக்கு, இந்தப் பதிவுச் சிரிப்பு.

எனக்கு எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்பு கதைகள் போதும். சாம்புவின் அசட்டுத்தனத்தாலேயே கேஸ் முடிந்துவிடும். பாராட்டு வந்ததும் அவன் விழிப்பான் பாருங்கள்! 'இங்கே சிரி' என்று யாரும் சொல்ல வேண்டாம். சிரிப்பு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், சரி.

நேற்று புத்தகத்தோடு பால்கனிக்கு (நாலு கொடிக்கயிறுதான் அது) ஒதுங்கினேன். தனியாகச் சிரித்தேனாம்.

"ஏன்க்கா, அத்திம்பேருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறான் இவன்.