லிவ் கிறிஸ்டீன் போன பிறகா இண்டஸ்ட்ரியல்?

நார்வேயின் மெட்டல் இசைக்குழுவான தியேட்டர் ஆஃப் டிராஜெடி, பாடகி லிவ் கிறிஸ்டீன் விலகிய பிறகுதான் இண்டஸ்ட்ரியல் (இயந்திர, எலக்ட்ரானிக் ஒலிகள் நிறைந்த இசை) பக்கம் போனது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். சின்னத் திருத்தம்: வரிசை தலைகீழ்.

1998-இல் வந்த 'ஏஜிஸ்' ஆல்பம் வரை காதிக் மெட்டல் (இருண்ட, சோகமான மெட்டல் இசை), பழங்கால ஆங்கில வரிகள். 2000-இல் 'மியூசிக்' ஆல்பத்தில் சின்தசைசரும் இயந்திரத் தாளமும் வந்துவிட்டன. 2002-இல் 'அசெம்ப்ளி'யும் அதே வழிதான். இரண்டிலும் பாடியது லிவ் கிறிஸ்டீனே. அவர் பிரிந்தது 2003-இல். அடுத்து வந்த பாடகி நெல் சிக்லாண்டுடன் 2006-இல் வெளியான 'ஸ்டார்ம்', உண்மையில் பழைய காதிக் பக்கம் பாதி திரும்பிய ஆல்பம். (எனக்கு 'மியூசிக்'தான் பிடிக்கும், அது வேறு கதை.)

சரிபார்ப்பது சுலபம். சிடி வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் சிறு புத்தகத்தில் பாடியவர் பெயரையும் ஆண்டையும் பாருங்கள். இல்லாவிட்டால் 'மியூசிக்'கில் உள்ள 'இமேஜ்' பாட்டைப் போட்டுவிட்டு 'ஏஜிஸ்'ஸில் ஏதாவது ஒன்றைப் போடுங்கள். பின்னணி அடியோடு மாறியிருக்கும், அந்த மெல்லிய குரல் மட்டும் அதேதான்.