15,750 கூடியது அடிப்படைச் சம்பளத்தில், கையில் அல்ல
"இலங்கையின் 2025 பட்ஜெட்டில் திருகோணமலைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பியூனுக்கும் 15,750 ரூபா கூடிவிட்டது, பிறகென்ன முணுமுணுப்பு?" என்று சிலர் போடும் கணக்கு பிழையானது. அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆனது சரிதான். ஆனால் ஏற்கெனவே கொடுத்துவந்த 7,500 ரூபாக் கொடுப்பனவுகளையும் அந்த அடிப்படைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆக, நிகர உயர்வு 8,250.

அதுவும் ஒரே தடவையில் அல்ல. 2025 ஏப்ரலில் 5,000உம் மீதி 3,250இன் 30 வீதமும், அதாவது 5,975. எஞ்சிய 2,275ஐ 2026, 2027 ஜனவரிகளில் பாதிபாதியாகத் தருவதென்றே அறிவிப்பு. இதற்குள் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு வேறு. அது அடிப்படையின் வீதத்தில் பிடிபடுவதால் அடிப்படை கூடக்கூட அதுவும் கூடும். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் அந்த பட்ஜெட்டில் கூடவில்லை, அதே 17,800தான். சம்பளச் சீட்டின் முதல் வரியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.