கனாரிஸ்: தீ அணைந்த பிறகு ஐம்பத்தைந்து வருஷம்

கான்ஸ்டான்டினோஸ் கனாரிஸ் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். 1822-இல் துருக்கியரின் கப்பலைக் கொளுத்தினார், கிரேக்க விடுதலைப் போரின் மாவீரர், அப்புறம் பிரதமரும் ஆனார். அவ்வளவுதான், முடிந்தது. அந்த "அப்புறம்" என்ற ஒரு சொல்லுக்குள் ஐம்பத்தைந்து வருஷம் இருக்கிறது. தீ வைத்த ராத்திரியை விட அந்த ஐம்பத்தைந்து வருஷத்துக்காகத்தான் நான் அவரை மதிக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பா எண்பதுகளில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி வந்த ஒரு பயணத்தில் சட்டைப்பையில் மிஞ்சிய சில்லறையை எனக்குக் கொடுத்தார். அதில் ஒரு டிராக்மா மஞ்சள் காசு. ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், திருப்பினால் மீசை வைத்த ஒருவர். யார் சித்தப்பா இது என்று கேட்டதற்கு, "கப்பலுக்குத் தீ வெச்சவர்டா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. மீதியை நான் தேடிப் படிக்கப் பல வருஷம் ஆனது.

முதலில் அந்தத் தீயைச் சொல்லிவிடுகிறேன். கனாரிஸ் ப்சாரா என்ற குட்டித் தீவில் பிறந்தவர், எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர், வணிகக் கப்பலில் கடலைக் கற்றவர். பக்கத்தில் கியோஸ் தீவு. 1822 ஏப்ரலில் ஒட்டோமான் படை, அதாவது துருக்கியப் பேரரசின் படை, அங்கே இறங்கிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது, பல்லாயிரம் பேரை அடிமையாக விற்றது. ஜூன் 18 இரவு, அந்தக் கப்பற்படையின் தலைமைக் கப்பல் கியோஸ் கரையோரம் நங்கூரமிட்டு விளக்கெல்லாம் ஏற்றி நிற்கிறது. இருட்டில் இரண்டு தீக்கப்பல்கள் வருகின்றன. ஒன்றில் ஹைட்ரா தீவுக்காரர் பிபினோஸ், இன்னொன்றில் கனாரிஸ்.

தீக்கப்பல் என்றால் என்ன? பழைய கப்பல் ஒன்றில் கீல், கந்தகம், டர்பன்டைன், சுள்ளி, வெடிமருந்து எல்லாவற்றையும் அடைத்து, எதிரிக் கப்பலில் மாட்டிக்கொள்ளக் கொக்கிகளைத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு படகைக் கட்டிக்கொண்டு நேராகப் போய் மோத வேண்டும். மாலுமிகள் படகில் இறங்குவார்கள். கடைசியாக நிற்பவன் தலைவன், திரியைப் பற்றவைப்பது அவன்தான். ஒரு நிமிஷம் முந்தினால் எதிரி அறுத்துத் தள்ளிவிடுவான், ஒரு நிமிஷம் பிந்தினால் இவனும் அதோடு எரிய வேண்டியதுதான். கனாரிஸ் தன் கப்பலின் முன்கொம்பை எதிரிக் கப்பலின் திறந்திருந்த பீரங்கிச் சாளரத்துக்குள் செருகிவிட்டுத்தான் தீ வைத்தார். பிபினோஸின் தீக்கப்பல் பிடிக்கவில்லை, இவருடையது பிடித்தது. ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். தப்பிக்கப் படகில் இறங்கிய தளபதி காரா அலி, எரிந்து விழுந்த மரம் தாக்கிச் செத்தார்.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். இதற்கு அடுத்தது என்ன? தளபதி செத்த ஆத்திரத்தில் கியோஸின் தெற்கே இருந்த மாஸ்டிக் கிராமங்களை, பிசின் தருவதால் அதுவரை பெரும்பாலும் விட்டுவைக்கப்பட்ட கிராமங்களை, அழித்துத் தீர்த்தார்கள். இதைச் சொல்லாமல் அந்த இரவைக் கொண்டாடுவது தப்பு என்று நினைக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து 1824-இல் ப்சாராவும் எரிந்தது. கனாரிஸ் பிறந்த ஊரே இல்லாமல் போய்விட்டது, ஊரோடு ஆயிரக்கணக்கான சனமும். தீ வைத்துப் பேர் வாங்கியவர் தீயிலேயே ஊரை இழந்தார். அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. 1825-இல், துருக்கியர் பக்கம் நின்ற எகிப்து ஆட்சியாளர் முகமது அலியுடைய கப்பற்படையை அலெக்சாண்டிரியா துறைமுகத்திலேயே வைத்துக் கொளுத்தப் போனார். காற்று கைகொடுக்கவில்லை, வெறுங்கையோடு திரும்பினார்.

சரி, விடுதலை வந்தாயிற்று. வீரர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். 1831-இல் ஹைட்ராவின் பெரிய தளபதி மியாவுலிஸ், அரசின் கைக்குப் போகக் கூடாது என்று போரோஸ் துறைமுகத்தில் சொந்த நாட்டின் போர்க்கப்பல்களையே வெடிவைத்துத் தகர்த்தார். அதில் 'ஹெல்லாஸ்' என்ற பெரிய போர்க்கப்பலும் போனது. கொஞ்ச நாளில் முதல் ஆட்சித்தலைவர் கப்போடிஸ்ட்ரியாஸை நஃப்ப்ளியோ நகரத்துத் தேவாலய வாசலில் சுட்டும் குத்தியும் கொன்றார்கள். அவரைக் கொன்றவர்களும் விடுதலைக்குப் போராடிய குடும்பத்துக்காரர்கள்தான். கடைசிவரை கப்போடிஸ்ட்ரியாஸோடு நின்றவர் கனாரிஸ். பழிவாங்கப் படை திரட்டலாம், பேர் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அவர் சிரோஸ் தீவுக்குப் போய் ஒதுங்கி உட்கார்ந்தார். இந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பதினேழு வயசுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து ஓட்டோ மன்னன் என்று உட்கார வைத்தார்கள். அன்றைய கிரேக்கக் கட்சிகளின் பெயரே ஆங்கிலக் கட்சி, பிரெஞ்சுக் கட்சி, ரஷ்யக் கட்சி. விடுதலை வாங்கியும் யார் நிழலில் நிற்பது என்பதுதான் அரசியல். கனாரிஸ் ரஷ்யக் கட்சிப் பக்கம். கடற்படைக்குத் திரும்பினார், 1843-இல் மக்களும் படையும் சேர்ந்து மன்னனிடம் அரசியல் சட்டம் வாங்கிய பிறகு கடற்படை அமைச்சரானார், 1844-இல் கொஞ்ச நாள் பிரதமர், 1848-இல் மறுபடி. இந்த ஆட்சிகளில் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை என்றால் நான் மறுக்க மாட்டேன். நிர்வாகம் அவருக்குக் கைவந்த கலை இல்லை, அவர் பேரைக் காட்டிக் காரியம் சாதித்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆனால் 1862-ஐப் பாருங்கள். நாடு முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தபோது ஓட்டோ இவரைக் கூப்பிட்டு அரசு அமைக்கச் சொன்னார். இவர் சீர்திருத்தங்களை நிபந்தனையாக வைத்தார், ஒத்துவரவில்லை. அக்டோபரில் புரட்சி வந்து ஓட்டோ ஆங்கிலேயக் கப்பலில் ஏறி நாட்டை விட்டுப் போனதும் இடைக்கால ஆட்சி மூன்று பேர் கைக்கு வந்தது: வூல்காரிஸ், ரூஃபோஸ், கனாரிஸ். படையின் மரியாதையும் மக்களின் அன்பும் இருந்த கிழவர், கையில் நாடு. இப்படிக் கைக்கு வந்ததை விடாமல் பிடித்துக்கொண்ட போர்வீரர்கள் உலகம் முழுக்க எத்தனை பேர்! இவர் கோபன்ஹேகனுக்குக் கப்பலேறிப் போனார். டென்மார்க் இளவரசனைச் சந்தித்து, வந்து ஆளுங்கள் என்று முறைப்படி அழைத்தார். அவனுக்கும் பதினேழு வயசுதான். வேறு நாட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருந்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதிகாரத்தைத் தன் கையால் தூக்கிக் கொடுத்தார் பாருங்கள், அதை நான் தீக்கப்பலுக்கு மேலே வைக்கிறேன்.

1864 நவம்பரில் புதிய அரசியல் சட்டம் நிறைவேறியது. வயது வந்த ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை, அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது பெரிய விஷயம். (பெண்களுக்கு வர இன்னும் தொண்ணூறு வருஷம் போல ஆனது.) அப்போது பிரதமர் நாற்காலியில் இருந்தவர், பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்க்காத இந்த மாலுமி.

அதன்பிறகு பதவியை விட்டு வீட்டில் இருந்தார். 1877-இல் ரஷ்யாவும் துருக்கியும் மோதிக்கொண்டன. கிரேக்கம் என்ன செய்வது? திரிகூபிஸ், கூமுந்தூரோஸ், தெலியானிஸ், இப்படி ஒருவருக்கொருவர் ஆகாத தலைவர்கள். யார் தலைமையிலும் யாரும் உட்கார மாட்டார்கள். கடைசியில் எண்பது தாண்டிய கனாரிஸின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் வந்தார், எல்லாரும் அவருக்குக் கீழே அமைச்சர்களாக உட்கார்ந்தார்கள், முன்னாள் பிரதமர்கள் உள்பட. சில மாதம்தான். செப்டம்பரில் பதவியிலிருக்கும்போதே இறந்துபோனார்.

உடலை ஏதென்ஸில் புதைத்தார்கள். இதயத்தை மட்டும் தனியே எடுத்து வெள்ளிக் கலசத்தில் வைத்தார்கள், இன்றைக்கும் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமைச்சரவையோ, அவர் இடத்தில் வேறு ஒரு பிரதமரை வைக்காமலே 1878 ஜனவரி வரை ஓடியது.