ராமநாதபுரம் எம்.பி. பேசினார்

'1974-ல் கச்சத்தீவு இலங்கைக்குக் கைமாறியபோது ராமநாதபுரம் எம்.பி. மக்களவையில் வாயே திறக்கவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அப்போது அந்தத் தொகுதியின் எம்.பி. பார்வர்ட் பிளாக்கின் மூக்கையாத் தேவர். ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் இலங்கையோடு செய்த கச்சத்தீவு ஒப்பந்தத்தைப் பற்றி அவையில் அறிக்கை வாசித்தபோது எழுந்து எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். தி.மு.க.வின் இரா. செழியனும் எதிர்த்தார். சந்தேகம் இருந்தால் அன்றைய மக்களவை நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள்.

பேசியும் பலன் இல்லை என்று சொல்லுங்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். 1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலத் தீவுக்குப் போய்வரலாம் என்றாவது சொன்னது. இலங்கைக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்பது இரு அரசுகளுக்கும் இடையே நடந்த 1976 கடிதப் பரிமாற்றத்தில்தான் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.