நாலு அங்குல மடிப்பு

(மும்பை தாராவி, 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு தையல் கடை. ஜூன் முதல் வாரம், பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். மளிகைக்கடை அண்ணாச்சி மகனுடைய பேண்ட்டோடு வருகிறார்.)

அண்ணாச்சி: தம்பி, இந்த மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்கிக் கொடு.

தையல்காரர்: இறக்க இனி என்ன இருக்கிறது அண்ணாச்சி? போன ஜூனில் தைத்தேன், தீபாவளிக்கே மடிப்பைப் பிரித்துவிட்டேன். இனி உங்கள் கடைச் சாக்கைத்தான் ஒட்டுப் போட வேண்டும்.

அண்ணாச்சி: பையன் வளரவே இல்லையே! துணிதான் சுருங்குகிறது.

தையல்காரர்: துணி மேல் பழி போடாதீர்கள். சட்டை எப்படி இருக்கிறது?

அண்ணாச்சி: அப்படியேதான் இருக்கிறது. அதைத்தானே சொல்கிறேன்.

தையல்காரர்: செருப்பு?

அண்ணாச்சி: அதை ஏன் கேட்கிறாய்! ஆறு மாதத்தில் இரண்டு ஜோடி மாற்றியாயிற்று.

தையல்காரர்: அப்படியானால் ஆரம்பித்துவிட்டான். இந்த வயதில் முதலில் பாதம் நீளும், பிறகு கால், அதற்கும் பிறகுதான் முதுகு. செருப்புக் கடைக்காரருக்கு முதலில் தெரியும், அடுத்தது எனக்கு. பெற்ற அப்பாவுக்குக் கடைசியில்தான் தெரியும்.

அண்ணாச்சி: 14 வயதில் 155 சென்டிமீட்டர். 90 அடி ரோட்டில் குடியிருந்து என்ன பயன்? 12 வயதுச் சின்னவள் அவன் தலை மேல் டம்ளரை வைத்துவிட்டு ஓடுகிறாள்.

தையல்காரர்: பெண்பிள்ளைகள் இரண்டு வருடம் முந்திக்கொள்வார்கள். பையன்களுக்கு 14 வாக்கில்தான் வேகம் பிடிக்கும். அந்த ஒரு வருடத்தில் 9 சென்டிமீட்டர்கூட ஏறும்.

அண்ணாச்சி: நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுப்பி மாடிப்படிக் கம்பியில் தொங்கவிடுகிறேன். 1,200 ரூபாய்க்கு உயரப் பொடி வாங்கிக் கொடுக்கிறேன். நேற்றுக் காலையில் அளந்தேன், 155. ராத்திரி அளந்தால் 154! ஒரே பகலில் ஒரு சென்டிமீட்டரைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான்.

தையல்காரர்: நீங்களும் தினம் தொலைக்கிறீர்கள். முதுகெலும்புக்கு நடுவில் உள்ள வட்டுகள் பகலெல்லாம் அழுந்தும், படுத்து எழுந்தால் உப்பிக்கொள்ளும். கம்பியில் தொங்குவதும் அதே கதைதான். இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள் பழைய உயரத்துக்கு வந்துவிடுவான். அது கிடக்கட்டும், ராத்திரி எப்போது தூங்குகிறான்?

அண்ணாச்சி: பன்னிரண்டு ஆகும். மொபைல்...

தையல்காரர்: ஆக, நாலரை மணி நேரத் தூக்கம்! அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதே ஆழ்ந்த தூக்கத்தில்தான். வளர்கிற பிள்ளையை எழுப்பி, வளர்வதற்காகத் தொங்கவிடுகிறீர்களே!

அண்ணாச்சி: இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?

தையல்காரர்: டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டுத் தைக்கிறேன் அல்லவா? அளவெடுக்கையில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போது கேட்டால் பதில் சொல்லாமல் ஓட முடியாது.

(கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வசதி இல்லை. மளிகைக் கடையில் வாடிக்கையாளர் கையை நீட்டினால் கடன் கேட்கிறார் என்று அர்த்தம்.)

அண்ணாச்சி: அப்படியென்றால் பொடி?

தையல்காரர்: காலையில் என்ன சாப்பிடுகிறான்?

அண்ணாச்சி: வடாபாவ். மத்தியானம்... அதுவும் வடாபாவ்தான்.

தையல்காரர்: துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, கேழ்வரகு எல்லாவற்றையும் ஊருக்கே விற்றுவிட்டு, சொந்தப் பிள்ளைக்கு டப்பா வாங்குகிறீர்கள். தென்கொரியப் பெண்கள் நூறு வருடத்தில் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறார்கள். அதற்குள் பரம்பரையா மாறிவிடும்? சாப்பாடும் சுகாதாரமும்தான் மாறின.

அண்ணாச்சி: அப்படியானால் பரம்பரைக்கு இதில் வேலையே இல்லையா?

தையல்காரர்: பெரிய பங்கே அதுதான். ஆளுக்கு ஆள் உள்ள உயர வித்தியாசத்தில் 80 சதவீதம்வரை பரம்பரை என்கிறார்கள். துணி நீங்கள் இரண்டு பேரும் கொடுத்தது. அதற்கு மேல் சட்டை பெரிதாகாது. வெட்டுகிறவன் கெடுத்தால் சிறிதாகும். தைக்கவும் காலக்கெடு உண்டு. எலும்பு முனையில் உள்ள குருத்தெலும்புத் தகடு பையன்களுக்கு 16, 17 வயது வாக்கில் மூடிவிடும். அதற்கப்புறம் எந்தப் பொடியும் உள்ளே போகாது. இருங்கள், கணக்கே போட்டுவிடலாம். உங்கள் உயரம்?

அண்ணாச்சி: 168.

தையல்காரர்: மதினி?

அண்ணாச்சி: (கூரையைப் பார்த்தபடி) 155.

தையல்காரர்: இரண்டையும் கூட்டி, பையன் என்பதால் 13 சேர்த்துப் பாதியாக்க வேண்டும். 168 வருகிறது. அதில் ஏழெட்டு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். ஆனால் அண்ணாச்சி, ஒன்று உதைக்கிறது. மதினி பாவாடைக்கு 40 அங்குலம் அளவு கொடுத்திருக்கிறார். 155 உயரத்துக்கு அதைக் கட்டினால் தெருவைப் பெருக்க மாநகராட்சி ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

(நீண்ட மௌனம். தையல் மெஷின்கூட நின்றுவிடுகிறது.)

அண்ணாச்சி: ...165.

தையல்காரர்: நீங்கள் இப்படிச் சுவரோரம் நில்லுங்கள். குதிகாலைத் தூக்காதீர்கள். தூக்காதீர்கள் என்றேனே! ம்... 162.

அண்ணாச்சி: கல்யாணப் போட்டோவில் நான்தானே உயரம்?

தையல்காரர்: மணையில் உட்கார வேண்டும் அண்ணாச்சி. நீங்கள் ஏறி நின்றிருக்கிறீர்கள். வேட்டிக்குக் கீழே மணையின் கால் தெரிகிறது. இப்போது பாருங்கள். 162, 165, அதோடு 13. பாதி 170!

அண்ணாச்சி: பொய்க் கணக்கில் 168, உண்மைக் கணக்கில் 170-ஆ? முப்பது வருட வியாபாரத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

தையல்காரர்: லாபம் மதினி பக்கத்திலிருந்து வருகிறது. சரி, புதுப் பேண்ட்டுக்கு மடிப்பு எவ்வளவு விடட்டும்?

அண்ணாச்சி: நாலு அங்குலம் விடு. நாளையிலிருந்து அவன் ஆறரைக்கு எழுந்தால் போதும், மொபைல் என் கல்லாப்பெட்டிக்குள் தூங்கட்டும். அப்புறம் தம்பி, அந்தப் பாவாடை அளவை உன் நோட்டில் 38 என்று திருத்திவிடு. நாலு பேர் வந்து போகிற கடை.

தையல்காரர்: நோட்டில் திருத்திவிடலாம் அண்ணாச்சி. தைப்பது 40தான்.